உப்புத் தொட்டியில் பதம் போட்ட கத்தி ஏன் உடைகிறது? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

திருநெல்வேலிப் பேட்டையில் உருக்குக்குப் பதம் போடும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். ரோட்டவேட்டர் கத்தி, அறுவடை இயந்திரத்தின் வெட்டுப் பல், ஸ்பிரிங் கிளிப்பு, வாஷர், பீடி இலைக் கத்தரி என்று வருவதையெல்லாம் சூடு காட்டிக் கொடுப்பதுதான் வேலை. ஆவணி பிறந்துவிட்டால் பிசான நெல் பருவத்துக்கு நிலம் திருத்துவார்கள். தொளி அடிக்க (சேறு கலக்கி உழ) டிராக்டர் இறங்கிய இரண்டாம் நாளே உடைந்த கத்திகள் சாக்கு மூட்டையில் என் வாசலுக்கு வரும். நான் பதம் போட்டவையும் இருக்கும், மற்றவர்கள் போட்டவையும் இருக்கும். அவற்றை வருடக்கணக்கில் பார்த்து நோட்டில் எழுதி வைத்ததைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதலில் அளவுகள். நாங்கள் செய்வது ஆஸ்டெம்பரிங். உருக்கை உலையில் சிவக்கக் காய்ச்சி, உருகிய நைட்ரேட் உப்பில் இறக்கி, உள்ளே மாற்றம் முடியும்வரை அதே சூட்டில் வைத்திருந்து எடுக்கிறோம். கிடைப்பது பெய்னைட் என்னும், கடினமும் அடிதாங்கும் திறனும் சேர்ந்த உள்ளமைப்பு. 7, 8 மில்லிமீட்டர் கனமுள்ள கத்திக்கு குரோமியம் வனேடியம் சேர்ந்த இ.என். 47 உருக்கு. உலை 860 டிகிரி, உப்பு 320 டிகிரி, தொட்டியில் 45 நிமிடம். முடிவில் ராக்வெல் சி அளவில் (மிஷினில் கூர்முனையால் குத்தி அளப்பது) 47 முதல் 50 வரை கடினம் கிடைக்க வேண்டும். மெல்லிய கிளிப்புக்கும் வாஷருக்கும் 0.8 சதவீதக் கார்பன் பட்டை போதும். இவை என் பட்டறை எண்கள். உங்கள் உருக்கு வேறானால் எண்ணும் மாறும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் உடைந்த முகத்தைக் காப்பாற்றுங்கள். இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்க்கவே கூடாது. உரசினால் முகத்தில் எழுதியிருப்பது அழிந்துவிடும். மண்ணைத் தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி, மெல்ல எண்ணெய் தடவித் தாளில் சுற்றுங்கள். கிரைண்டர் வேண்டாம், வெல்டும் வேண்டாம்.

## அறிகுறி 1: பூட்டிய முதல் நாளே, வளையாமல், சட்டென்று உடைகிறது

“அண்ணாச்சி, ஒரு கல்லில்தான் பட்டது. பப்படம் மாதிரி நொறுங்கிவிட்டது” என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். மூலைக்கரைப்பட்டி, நாங்குநேரிப் பக்கத்துச் சரள் மண்ணில் கல் படாமல் உழ முடியாது. கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல கத்தி கல்லில் பட்டால் கொஞ்சம் வளைய வேண்டும் அல்லது முனை மழுங்க வேண்டும்.

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள். போல்ட் தளர்ந்திருந்ததா? தளர்ந்த கத்தி கல்லில் ஒருமுறை அடிபட்டு, தாங்கு தகட்டில் இன்னொரு முறை அடிபடும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் இதுதான் காரணம். இடது கத்தி வலப்பக்கம் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். நான் பார்த்த புகார்களில் கணிசமானவை இந்த இரண்டிலேயே தீர்ந்துபோயின.

போல்ட் சரியாக இருந்தால் உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பட்டுத்துணி போல மென்மையாக இருந்தால் நெல்மணி அளவுகூடக் கவலை வேண்டாம், உருக்கின் பொடிமணி, அதாவது உள்ளே இருக்கும் நுண் படிகங்கள், நன்றாக இருக்கிறது. அறிகுறி 2-க்குப் போங்கள். சீனிக்கட்டியை உடைத்ததுபோல மினுங்கும் மணிகள் கண்ணுக்கே தெரிந்தால் உலைச் சூடு எகிறியிருக்கிறது. 950 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் கிடந்த உருக்கின் மணிகள் பருத்துவிடும். பருத்த மணியில் உருவாகும் பெய்னைட்டும் பருத்த கட்டுக்கட்டாகவே உருவாகும். ஒரு கட்டில் தொடங்கிய விரிசல் தடையில்லாமல் அடுத்த எல்லைவரை ஓடிவிடும்.

உலைச் சூட்டைச் சோதிக்க எளிய வழி உண்டு. சாப்பாட்டு உப்பு 801 டிகிரியில் உருகும். துருப்பிடிக்காத தகட்டுத் துண்டில் ஒரு சிட்டிகை தூய உப்பை வைத்து, உலையை 780-இல் நிறுத்தி வையுங்கள். உருகக் கூடாது. 820-க்கு ஏற்றுங்கள். உருக வேண்டும். 780-இலேயே உருகினால் உங்கள் காட்டி (சூட்டின் எண்ணைக் காட்டும் கருவி) குறைத்துக் காட்டுகிறது, உலை நிஜத்தில் அதைவிடச் சூடாக இருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பை அப்படியே போடாதீர்கள். அதில் மக்னீசியம் உப்புகளும் ஈரமும் இருக்கும், உருகுநிலை இறங்கிவிடும். இன்னொன்று, சோதனைத் தகட்டை நைட்ரேட் தொட்டிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

காட்டி பொய் சொன்னால் பெரும்பாலும் தெர்மோகப்பிள், அதாவது சூட்டை உணரும் முனை, மாற்றினால் போதும். மணி பருத்துவிட்ட கத்திகளைக் கழிக்க வேண்டியதில்லை. 870 டிகிரிக்குக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டு, பிறகு புதிதாக 860-இல் தொடங்கி முழுப் பதமும் போடுங்கள். ஆறவிடாமல் நேரே மறுபதம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி மணி சின்னது, பாதி பெரியது என்று கலவையாகி, பழைய குறை பாதியளவு அப்படியே நிற்கும்.

## அறிகுறி 2: ராக்வெல் எண் சரியாக இருக்கிறது, ஆனாலும் உடைகிறது

நான் அதிக நாள் தலையை உடைத்துக்கொண்ட இடம் இதுதான். வாடிக்கையாளரும் மிஷினில் குத்திப் பார்க்கிறார், 48 காட்டுகிறது. நானும் குத்துகிறேன், 48. கத்தி மட்டும் உடைகிறது.

கடின எண் ஒன்றாக இருந்தால் உருக்கின் உள்ளமைப்பும் ஒன்றுதான் என்று நினைப்பது தவறு. ஏறத்தாழ 1 சதவீதக் கார்பன் உள்ள உருக்கைத் தண்ணீரில் தோய்த்துப் பிறகு சூடு இறக்கினாலும் (மிதமாக மறுபடி காய்ச்சிக் கடினத்தைக் குறைத்தாலும்) 52, 53 வரும்; உப்பில் பெய்னைட் ஆக்கினாலும் 52 வரும். அடிச் சோதனையில் முதலாவது 20 ஜூலுக்குள் உடைந்துவிடும், இரண்டாவது 50 ஜூலுக்கு மேல் தாங்கும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் நாம் இவ்வளவு சிரமப்பட்டு உப்புத் தொட்டி வைத்திருக்கிறோம். அந்த வித்தியாசம் கைநழுவிப் போவதற்கு நான்கு வழிகள் உண்டு.

### 2-அ: கடினம் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு புள்ளி கூடுதலாக இருக்கிறதா?

ஆமென்றால் தொட்டியிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். சிவந்த சூட்டில் உருக்குக்கு இருக்கும் உள்ளமைப்பு ஆஸ்டெனைட். மாற்றம் முடியாமல் மிச்சமிருந்த ஆஸ்டெனைட், வெளியே காற்றில் ஆறும்போது மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான உள்ளமைப்பாக மாறிவிடும். பதப்படாத மார்ட்டென்சைட் கண்ணாடிக்குச் சமம். நூறில் பத்துப் பங்கு இருந்தாலும் விரிசல் அங்கேதான் பிறக்கும்.

ஒரு புரட்டாசியில் எனக்கே இது நடந்தது. வாசலில் நான்கு டிராக்டர்க்காரர்கள் காத்திருந்தார்கள். 45 நிமிடத்தை 20 நிமிடமாகக் குறைத்து எடுத்துவிட்டோம். குத்திப் பார்த்தால் 51. வழக்கத்தைவிட நல்ல எண் என்று சந்தோஷப்பட்டுக் கொடுத்து அனுப்பினேன். மூன்றே நாளில் பதினோரு கத்திகள் துண்டாக வந்தன. அந்த விவசாயியின் ஒரு நாள் தண்ணீர் முறை என்னால் வீணானது. இன்றைக்கும் அந்தப் பதினோரு துண்டுகளையும் கழிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான்.

சோதனை: அதே மூட்டையிலிருந்து உடையாத கத்தி ஒன்றை எடுத்து, தொட்டிச் சூட்டிலேயே, அதாவது 320 டிகிரியில், ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டு மறுபடி குத்துங்கள். எண் இறங்கினால் உள்ளே மார்ட்டென்சைட் இருந்திருக்கிறது, நேரம் போதவில்லை. எண் அசையாமல் நின்றால் மாற்றம் முழுதாக முடிந்திருந்தது. காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள். இந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிக்க மட்டும். இப்படிச் சூடு காட்டியதையே மருந்தாக நினைத்துக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஏனென்று 2-ஈ-யில் சொல்கிறேன்.

சரியான நேரத்தைக் கண்டுபிடிக்க, ஒரே பட்டையில் வெட்டிய மூன்று துண்டுகளை 20, 40, 80 நிமிடம் என்று வைத்தெடுங்கள். 40-க்கும் 80-க்கும் கடினம் ஒன்றாக இருந்தால் 40 போதும். தொட்டிச் சூட்டைக் குறைத்தால் மாற்றம் மெதுவாகும், நேரத்தைக் கூட்டியாக வேண்டும். உருக்கு மாறும்போதெல்லாம் இதைப் புதிதாகச் செய்யுங்கள்.

### 2-ஆ: கடினம் இரண்டு மூன்று புள்ளி குறைவாக, ஆனால் ஏற்கும் அளவுக்குள் இருக்கிறதா?

தொட்டி நீங்கள் நினைப்பதைவிடச் சூடாக இருந்திருக்கிறது. 350 டிகிரிக்குக் கீழே உருவாகும் கீழ்ப் பெய்னைட்டில் கார்பைடுத் துகள்கள் (இரும்பும் கார்பனும் சேர்ந்தவை) மிகப் பொடியாக, ஒவ்வொரு பெய்னைட் ஊசியின் உள்ளேயே அடங்கியிருக்கும். 400-ஐத் தாண்டினால் உருவாகும் மேல் பெய்னைட்டில் அவை பெருத்து, ஊசிகளுக்கு நடுவே எல்லையில் வரிசையாக உட்கார்ந்துவிடும். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு விரிசல் ஓடும். கடினம் குறைந்தால் அடிதாங்கும் திறன் கூடும் என்ற பொதுக்கணக்கு இங்கே செல்லாது. மெத்தென்றும் ஆகிவிடும், உடையவும் செய்யும்.

காட்டி 320 என்று காட்டுகிறதே என்பீர்கள். காட்டியின் முனை தொட்டியின் ஓரத்தில் இருக்கிறது. கத்தி நடுவில் இருக்கிறது. நான் போட்ட கணக்கு: 300 கிலோ உப்பில், 860 டிகிரியில் சிவந்த 20 கிலோ உருக்கை இறக்கினால் முழுத் தொட்டியும் ஏறத்தாழ 15 டிகிரி ஏறும். 60 கிலோ இறக்கினால் 40 டிகிரிக்கு மேல் ஏறும். கலக்கி ஓடாவிட்டால் கத்திக்கட்டின் நடுவில் இன்னும் மோசம். எனவே முதலில் சுமையைக் குறையுங்கள், கலக்கியை ஓட்டுங்கள். இரண்டுக்கும் காசு செலவில்லை. அடுத்து, சரிபார்த்த இன்னொரு தெர்மோகப்பிளைக் கத்திக்கட்டின் நடுவிலேயே கட்டி இறக்கி, முதல் ஐந்து நிமிடம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் 350-ஐத் தாண்டினால் தொட்டி சிறியது. பெரிய தொட்டியா, சின்னச் சுமையா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டியதுதான். நான் சின்னச் சுமையோடு நிற்கிறேன்.

### 2-இ: சிலிக்கான் உருக்கா?

லாரி ஸ்பிரிங் பட்டைக்கு வரும் இ.என். 45 வகையில் 1.5 முதல் 2 சதவீதம்வரை சிலிக்கான் இருக்கும். கார்பைடு உருவாவதை இந்தச் சிலிக்கான் தடுக்கும். அதனால் ஆஸ்டெனைட்டில் ஒரு பகுதி அறைச் சூட்டிலும் மாறாமல் தங்கிவிடும். மெல்லிய படலமாக ஊசிகளுக்கிடையே தங்கினால் நல்லது, விரிசலை மழுக்கும். கட்டிகட்டியாகத் தங்கினால் கெடுதல். கல்லில் அடிபட்ட கணத்திலேயே அது மார்ட்டென்சைட்டாக மாறி, அங்கேயே பிளக்கும்.

இங்கே பலரும் தவறுகிறார்கள். உடைகிறது என்றதும் தொட்டி நேரத்தைக் கூட்டுகிறார்கள். இந்த உருக்கில் பெய்னைட் மாற்றம் ஒரு கட்டத்தில் தானாகவே நின்றுவிடும். எஞ்சிய ஆஸ்டெனைட்டில் கார்பன் ஏறியபின் அதே சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அது மேலே நகராது. நேரத்தைக் கூட்டித் தீராது. சூட்டைக் குறைத்தால்தான் தீரும். 370-இல் வைத்தவர் 320-க்கு இறக்கி, நேரத்தையும் அதற்கேற்ப நீட்டினால் கட்டிகள் குறைந்து படலங்கள் மிஞ்சும்.

எஞ்சிய ஆஸ்டெனைட் எவ்வளவு என்பதை நம் பட்டறையில் அளக்க முடியாது. எக்ஸ்ரே விளிம்பு விளைவு (எக்ஸ்.ஆர்.டி.) சோதனை வேண்டும். தொட்டிச் சூட்டைக் குறைத்தும் உடைந்தால் அந்தச் செலவுக்குப் போங்கள், அதற்கு முன் வேண்டாம்.

### 2-ஈ: யாராவது மறுபடியும் சூடு காட்டினார்களா?

கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். கத்தியைப் பாருங்கள்: நீல நிறம் ஓடியிருக்கிறதா? வைக்கோல் நிறம் 220, 230 டிகிரியில் வரும்; நீலம் 300-ஐ ஒட்டி வரும். கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போட்டு நிறம் பார்த்து இறக்குவது நல்ல பழைய முறை. அதில் நான் குற்றம் காணவில்லை. ஆனால் மார்ட்டென்சைட் கலந்த உருக்கை 250-க்கும் 400-க்கும் நடுவே சூடு இறக்கினால், கடினம் குறைந்தபோதும் அடிதாங்கும் திறன் பள்ளத்தில் விழும். 2-அ-வில் சொன்ன சோதனையை மருந்தாக்காதீர்கள் என்றது இதனால்தான். சிலிக்கான் உருக்கில் பள்ளம் இன்னும் மேலே தள்ளிப் போகும். அதோடு, 450 டிகிரியை ஒட்டிக் காய்ச்சினால் நல்ல படல ஆஸ்டெனைட்டும் கார்பைடாக உடைந்துபோய், போட்ட பதமெல்லாம் வீணாகும். முழுதாகப் பெய்னைட் ஆன கத்திக்கு மறுசூடு தேவையே இல்லை.

கெட்டுவிட்டால் மருந்து ஒன்றுதான்: 870-இல் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள்.

## அறிகுறி 3: உடையவில்லை, வளைந்து அப்படியே நிற்கிறது

இது எளிது. முதலில் அரத்தால் தோலைச் சுரண்டுங்கள். மேல்தோலில் அரம் கடித்து, உள்ளே போனதும் வழுக்கினால் உலையில் மேல்தோலின் கார்பன் எரிந்துபோயிருக்கிறது. 0.3 மில்லிமீட்டர் சாணை பிடித்துவிட்டு மறுபடி குத்திப் பாருங்கள். சிலிக்கான் உருக்கில் இது எப்போதும் அதிகம். உலைக்கதவின் இடைவெளியை அடைத்தாலே பாதி குறையும்.

உள்ளும் மெத்தென்றிருந்தால், உலையிலிருந்து தொட்டிக்குப் போகும் வழியிலேயே ஆறிவிட்டது. 3 மில்லிமீட்டர் பட்டை, சிவந்த நிலையில் காற்றில் நொடிக்குப் பத்து டிகிரிக்கு மேல் இழக்கும். ஐந்து நொடி தாமதித்தால் 50 டிகிரி போச்சு. என் பட்டறையில் உலைக்கும் தொட்டிக்கும் ஆறு எட்டு நடக்க வேண்டியிருந்தது. தொட்டியை நகர்த்தி இரண்டு எட்டாக்கிய பிறகு கிளிப்பு விஷயத்தில் இந்தப் புகார் வந்ததேயில்லை.

வழியிலும் தாமதமில்லை என்றால் கனம்தான் காரணம். சாதாரணக் கார்பன் உருக்கு 5, 6 மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டினால் உப்பில் அதன் நடுப்பகுதி வேகமாக ஆறாது. நடுவில் பேர்லைட் என்னும் மெத்தென்ற உள்ளமைப்பு உருவாகிவிடும். வெட்டிக் குத்தினால் ஓரம் 48, நடு 35 என்று காட்டும். குரோமியம் சேர்ந்த உருக்குக்கு மாறுவதைத் தவிர வழியில்லை. அதுதான் இந்த அறிகுறியில் விலை கூடிய மருந்து.

## அறிகுறி 4: ஒரே மூட்டையில் சில உடைகின்றன, சில வளைகின்றன

கத்திகளைக் கூடையில் வாழைச்சீப்பு மாதிரி ஒட்டி அடுக்கியிருப்பார்கள். நடுவில் உப்பு புகாது. இடைவெளி விட்டு, கம்பியில் தொங்கவிடுங்கள். அடுத்து, கூடையின் எந்த இடத்துக் கத்தி எது என்று தெரிய, அடிப்பக்கத்தில் எண் முத்திரை குத்துங்கள். சாக்பீஸ் குறி உலையில் நிற்காது. இரண்டு முறை பதம் போட்டால், உடைகிற எண்கள் ஒரே மூலையில் குவிகின்றனவா என்று தெரிந்துவிடும். குவிந்தால் பிழை உலையில் அல்லது தொட்டியில். அடியில் படிந்த கசடை அள்ளுங்கள், கதவுப் பக்கச் சூட்டை அளங்கள்.

எண்கள் சிதறிக் கிடந்தால் உருக்கே கலந்திருக்கிறது. பழைய லாரிப் பட்டையில் வெட்டிய கத்தி என்றால் நிச்சயம் கலந்திருக்கும். ஒவ்வொரு பட்டை ஒவ்வொரு இனம். சாணைக்கல்லில் வைத்துப் பொறி பார்த்தால் கை தேர்ந்தவருக்குக் கொஞ்சம் புரியும். ஆனால் ஒரு மூட்டைக் கத்தியின் தலைவிதியைப் பொறியை நம்பி முடிவு செய்ய மாட்டேன். சோதனைச் சாலையில், உருக்கில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு ஒரு துண்டு கொடுங்கள். அதில் பாஸ்பரஸ், கந்தகம் அளவையும் கேட்டு வாங்குங்கள். அவை கூடுதலாக இருந்தால் எந்தப் பதத்தாலும் அந்த உருக்கைத் திருத்த முடியாது.

## அறிகுறி 5: பூட்டி வைத்த கிளிப்பு, அடிபடாமலே மறுநாள் உடைந்து கிடக்கிறது

துத்தநாக முலாம் பூசியதா என்று மட்டும் கேளுங்கள். ஆமென்றால், அமிலத்தில் கழுவும்போதும் முலாம் பூசும்போதும் உள்ளே புகுந்த ஹைட்ரஜன்தான் காரணம். கடினம் 40-ஐத் தாண்டிய எந்த உருக்குக்கும் இந்த ஆபத்து உண்டு. அதே கடினமுள்ள மார்ட்டென்சைட்டைவிடக் கீழ்ப் பெய்னைட் இதைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் தப்பிவிடாது.

சோதனை: முலாம் பூசாத பத்தும் பூசிய பத்தும் எடுத்து, இழுத்துப் பூட்டி இரண்டு நாள் வையுங்கள். பூசியவை மட்டும் உடைந்தால் சந்தேகமே வேண்டாம். முலாம் பூசிய 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் குறைந்தது 8 மணி நேரம் அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். முலாம்காரர் “செய்துவிட்டோம்” என்று வாயால் சொல்வது போதாது. எத்தனை மணிக்கு அடுப்பில் ஏறியது என்று எழுதி வாங்குங்கள். என்னிடம் அப்படிச் சொன்ன முலாம்காரர் ஒருவர், மறுநாள் காலையில்தான் அடுப்பில் ஏற்றியிருந்தார். ஒரு ராத்திரி கடந்தபின் சூடு காட்டினால் பிறந்த விரிசல் மூடாது. அந்தத் தொகுப்பு முழுவதும் கழிவுதான்.

## அறிகுறி 6: வெல்டு ஓரத்திலோ துளை ஓரத்திலோ உடைகிறது

உழைக்கும் முனைக்குக் கடின வெல்டு ஏற்றினால் நாள் கூட உழைக்கும் என்று பலரும் ஏற்றுகிறார்கள். வெல்டை ஒட்டிய பகுதி சட்டென்று ஆறி மார்ட்டென்சைட் ஆகும். அதற்கு அடுத்த பட்டை சூடு இறங்கி மெத்தென்றாகும். கத்தி இந்த இரண்டுக்கும் நடுவில் உடையும். உடைந்த முகத்தில் மீன்முள் போன்ற வரிகள் இருக்கும். அந்த வரிகளின் கூர்முனை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அங்கேதான் விரிசல் பிறந்தது. முனை வெல்டைக் காட்டினால் பதம் போட்டவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வெல்டு வேண்டுமென்றால் பதத்துக்கு முன்பே, முன்சூடு காட்டி ஏற்றிவிட வேண்டும்.

முனை துளையைக் காட்டினால் துளை விளிம்பை விரலால் தடவுங்கள். அச்சில் குத்திய துளையின் பிசிறு நகத்தில் சிக்கினால், குத்தியபின் விளிம்பைச் சீவவில்லை. ஒரு நிமிட வேலை அது.

நிறைய நாள் ஓடி, கடைசியில் உடைந்த கத்தியின் முகத்தில் கிளிஞ்சல் ஓட்டில் இருப்பதுபோல அடுக்கு வரிகள் தெரிந்தால் அது களைப்பு முறிவு. அதற்கும் பதத்துக்கும் நேரடித் தொடர்பு குறைவு. துருக்குழி, வெட்டுக்காயம், கார்பன் எரிந்த தோல் இவற்றில் ஒன்று வரிகளின் மையத்தில் இருக்கும்.

## எப்போது ஆள் கூப்பிட வேண்டும்

உப்புத் தொட்டி சம்பந்தப்பட்டதில் தாமதிக்காதீர்கள். காட்டி 550 டிகிரியை நோக்கி ஏறுகிறது, தொட்டிச் சுவரில் சிவந்த திட்டு தெரிகிறது, உப்பு கசிகிறது: மூன்றில் எது நடந்தாலும் மின்சாரத்தை நிறுத்தி, ஆட்களை வெளியேற்றி, தொட்டி அமைத்தவரைக் கூப்பிடுங்கள். நைட்ரேட் உப்பில் ஈரம், எண்ணெய், கரி, சயனைடு உப்பு, அலுமினியம், மக்னீசியம் எதுவும் விழக் கூடாது. விழுந்தால் வெடிக்கும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலர்ந்த மணல் இரண்டு வாளி எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் முதல் கருவி பழுதானால், மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் இரண்டாவது கருவியும் இருக்க வேண்டும். அது இல்லாத தொட்டியில் நான் யாரையும் வேலை செய்ய விடமாட்டேன்.

உருக்கு சம்பந்தப்பட்டதில், மேலே சொன்ன சோதனைகளைச் செய்தபின்னும் இரண்டு தொகுப்புகள் தொடர்ந்து உடைந்தால் உலோகவியல் தெரிந்தவரிடம் போங்கள். உடைந்த இரண்டு துண்டு, உடையாத ஒரு கத்தி, பதம் போடாத அதே பட்டையில் ஒரு சாண் நீளம், இவை நான்கையும் கொண்டு போங்கள். உலைச் சூடு, தொட்டிச் சூடு, நேரம், சுமை எவ்வளவு கிலோ என்று சீட்டில் எழுதிக் கட்டுங்கள். கடினம் மட்டும் பார்த்துத் தாருங்கள் என்று கேட்காதீர்கள். மைக்ரோஸ்கோப்பில் படம் கேளுங்கள்: இறகு போல விரிந்திருந்தால் மேல் பெய்னைட், கறுத்த ஊசிகளாக இருந்தால் கீழ்ப் பெய்னைட். ஆனால் கறுத்த ஊசி, சூடு இறக்கிய மார்ட்டென்சைட்டைப் போலவே தெரியும். சந்தேகம் வந்தால் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.

சார்பி அடிச் சோதனையும் கேளுங்கள். முழு அளவுத் துண்டு 10 மில்லிமீட்டர் சதுரம், 55 மில்லிமீட்டர் நீளம்; நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டு இருக்கும். 8 மில்லிமீட்டர் கத்தியில் அது கிடைக்காது, 7.5 மில்லிமீட்டர் அளவில் எடுக்கலாம். வளைந்த கத்தியிலிருந்து நேர்த் துண்டு வெட்டுவது சிரமம் என்பதால், இப்போது ஒவ்வொரு கூடையிலும் கத்திகளோடு ஒரு நேர்ப்பட்டையையும் சேர்த்தே தொட்டியில் இறக்குகிறேன். அதில் கூடை எண்ணைக் குத்தி, அந்தப் பருவம் முடியும்வரை எடுத்து வைக்கிறேன்.